கேட்பதற்கு நேரமிருந்த வழக்குரைஞர்

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதி முடித்திருக்க வேண்டிய இரு வாரங்களில், எழுபது ஆண்டுப் பழமையான ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெறியாளர் இப்பதிவைப் படிக்க நேர்ந்தால் பொறுத்தருள வேண்டும். இயல் நீதிமன்ற மொழியைப் பற்றியது. ஆகவே இதுவும் ஆய்வில் சேர்த்திதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தொடரின் பெயர் 'தி பப்ளிக் டிஃபெண்டர்'. 1954 மார்ச்சில் சிபிஎஸ் அலைவரிசையில் தொடங்கி அடுத்த ஆண்டே முடிந்துவிட்டது. மொத்தம் 69 பகுதிகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். வழக்குரைஞரை அமர்த்தப் பணமில்லாத ஏழைகளுக்காக, பொதுப்பணத்தில் ஊதியம் பெற்று வாதாடும் பார்ட் மாத்யூஸ் என்பவராக ரீட் ஹாட்லி நடித்தார். ஓர் ஏழைமீது குற்றம் சாட்டப்படும். சான்றுகள் எல்லாம் அவருக்கு எதிராகவே நிற்கும். மாத்யூஸ் அவர் சொல்வதைக் கேட்பார், நம்புவார், கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவார். விளம்பர இடைவேளைகள் போக இருபத்தைந்து நிமிடங்களுக்குள் உண்மை வெளிப்படும். உண்மை வழக்குக் கோப்புகளைத் தழுவிய கதைகள் என்பது தொடரின் பெருமை. பகுதியின் முடிவில், ஏழைகளுக்காக வாதாடிய நிஜ வழக்குரைஞர் ஒருவருக்கு மரியாதை செய்யும் வழக்கமும் இருந்தது.

கலைப்படைப்பு என்று பார்த்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அரங்கம் அட்டை, நடிப்பு சுமார், இசை தேவையற்ற இடத்திலெல்லாம் முழங்குகிறது. சில ஆண்டுகள் கழித்து வந்த 'பெரி மேசன்' அளவுக்கு இது நினைவில் நிற்காமல் போனதில் வியப்பில்லை. ஆயினும் மொழியியல் பயின்ற ஒருவருக்கு இதில் உட்கார்ந்து யோசிக்கப் பொருள் உண்டு.

முதலில் அதன் தொடக்கம். கதைக்குள் நுழையுமுன் ஒரு குரல், 'பப்ளிக் டிஃபெண்டர்' என்றால் யார் என்று வரையறுத்துச் சொல்கிறது. சமூகம் அமர்த்திய வழக்குரைஞர். பணம் கொடுக்க இயலாதவருக்குக் கட்டணமின்றிச் சட்டத் துணை தருபவர். வழக்கு முடியும்வரை உடன் நிற்கக் கடமைப்பட்டவர். ஏறத்தாழ ஓர் அகராதிப் பதிவு. காவல்துறைத் தொடர் எதுவும் 'காவலர் என்பவர் யாரெனில்' என்று தொடங்குவதில்லை. இங்கே வரையறை தேவைப்பட்டது, ஏனெனில் பார்வையாளரில் பலருக்கு அந்தச் சொல்லே புதிது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த சட்ட மாநாட்டில் கிளாரா ஷார்ட்ரிட்ஜ் ஃபோல்ட்ஸ் இப்படியொரு பதவி வேண்டும் என்று பேசினார். கலிபோர்னியாவின் முதல் பெண் வழக்குரைஞர் அவர். இருபது ஆண்டுகள் கழித்து, 1913-14இல், லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் முதல் அலுவலகம் அமைந்தது. ஆனால் தொடர் ஒளிபரப்பான 1954இல், மரண தண்டனைக்கு உட்படாத குற்றங்களில் ஏழைக்கு வழக்குரைஞரைத் தந்தே தீர வேண்டிய கட்டாயம் மாநிலங்களுக்கு இல்லை. 1942இல் பெட்ஸ் எதிர் பிரேடி வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருந்தது. நாட்டின் பெரும்பகுதியில் இன்னும் உரிமையாகாத ஒன்றை, நடைமுறையில் உள்ள சாதாரண ஏற்பாடுபோல அந்தக் குரல் வாரந்தோறும் அறிவித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குரலையும் கவனிக்க வேண்டும். ஹாட்லிக்கு ஆழ்ந்த, அசையாத குரல். எஃப்.பி.ஐ. ஒற்றர்களைப் பிடிக்கும் 1945ஆம் ஆண்டுத் திரைப்படமான 'தி ஹவுஸ் ஆன் 92ன்ட் ஸ்ட்ரீட்'டில் பின்னணியில் கதை சொன்னது அந்தக் குரல்தான். இத்தொடருக்கு முன் 'ராக்கெட் ஸ்குவாட்' தொடரில் அவர் காவல்துறைக் கேப்டன். காவல்துறையின் பக்கமிருந்து பேசி மக்களின் நம்பிக்கையைப் பெற்ற குரல், பிறகு குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம் வந்து நின்றது. ஏழைமீது பார்வையாளருக்கு உண்டாகும் நம்பிக்கை, காவல்துறைக் குரலிலிருந்து கடன் வாங்கியது என்று சொன்னால் மிகையாகாது. ஏழை தன் வாயால் சொன்னபோது நம்பாத காதுகள், அதையே ஹாட்லி சொன்னதும் நம்பிவிடுகின்றன.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, சட்டம் பயிலும் தோழி ஒருவர் இரண்டு குறைகளைச் சொன்னார். ஒன்று, தொடரின் கட்சிக்காரர்கள் நிரபராதிகள். வழக்குரைஞர் பெறும் உரிமை நிரபராதிக்கு மட்டும் உரியதன்று. குற்றம் செய்தவருக்கும் உரியது. நிரபராதியைக் காட்டியே இரக்கத்தைத் திரட்டினால், செய்தவருக்கு எதற்கு வழக்குரைஞர் என்ற கேள்வி தானே முளைக்கும். இது முழுக்கச் சரி. 1961இல் தொடங்கிய 'தி டிஃபெண்டர்ஸ்' தொடரில் ரெஜினால்ட் ரோஸ் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டார் என்பதால்தான் அது மேலான தொடர். இரண்டாவது குறை, நிஜத்தில் வழக்கு விசாரணைக்கே வருவதில்லை என்பது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 97 விழுக்காடும் மாநிலங்களில் 94 விழுக்காடும் தண்டனைகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் பேசுவதன் வழியே அமைகின்றன என்று 2012இல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. அதுவும் சரி.

எனினும் இவை இரண்டையும்விடப் பெரிய பொய் ஒன்று அத்தொடரில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அங்கே வழக்குரைஞருக்குக் கேட்பதற்கு நேரமிருக்கிறது. சிறைக்கம்பிகளுக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, 'தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்' என்ற தோரணையில் அவரால் காத்திருக்க முடிகிறது. வாரத்திற்கு ஒரு வழக்கு, ஒரு மனிதர். 1973இல் அமெரிக்கத் தேசிய ஆலோசனைக் குழு ஒன்று வகுத்த வரம்பின்படி, ஒரு பப்ளிக் டிஃபெண்டர் ஆண்டுக்கு 150 கடுங்குற்ற வழக்குகள்வரை பார்க்கலாம். ஆண்டுக்கு 2,080 வேலைமணி என்று வைத்தால் ஒரு வழக்குக்கு 14 மணி நேரத்திற்கும் குறைவு. இது உச்ச வரம்பு. பல அலுவலகங்கள் இதையும் மீறின. 2023இல் வெளியான தேசியப் பணிச்சுமை ஆய்வு, கடுங்குற்றங்களில் மிகக் கீழ்நிலையில் உள்ளவற்றுக்கே 35 மணி நேரமும், கொலை வழக்குக்கு 248 மணி நேரமும் தேவை என்று பரிந்துரைத்தது. மாத்யூஸ் அலுவலக மேசையில் கோப்புகளின் குவியல் தெரிவதில்லை. அரங்க அமைப்பாளரின் கவனக்குறைவு என்று இதைக் கடந்துவிட முடியவில்லை.

கேட்பது என்பதை இரக்கம், பரிவு என்ற பொருளில் நான் சொல்லவில்லை. கேட்பது ஒரு தொழில்நுட்பம். எதிர்வாதத்திற்கான மூலப்பொருள் பெரும்பாலும் கட்சிக்காரரின் பேச்சிலேயே இருக்கிறது. அந்தப் பேச்சோ, நீதிமன்றம் எதிர்பார்க்கும் பேச்சாக அமைவதில்லை.

1970களில் வில்லியம் ஓ'பாரும் அவருடைய குழுவினரும் வட கரோலினா நீதிமன்றங்களில் சாட்சிகளின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தனர். தயக்கம், 'என்று நினைக்கிறேன்' போன்ற ஒட்டுகள், அளவுக்கு மீறிய பணிவு: இவை மலிந்த பேச்சை 'அதிகாரமற்ற நடை' என்றனர். அதே செய்தியை இந்த நடையில் சொன்னால் கேட்பவர்கள் குறைவாக நம்புகிறார்கள் என்பது அவர்களின் சோதனைகளில் வெளிப்பட்டது. ஏழையின் பணிவு அவருக்கு எதிரான சான்றாக வேலை செய்கிறது. 2019இல் 'லாங்குவேஜ்' இதழில் வெளியான மற்றோர் ஆய்வு பிலடெல்பியாவின் நீதிமன்றப் பதிவாளர்களைச் சோதித்தது. ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலத்தில் பேசப்பட்ட வாக்கியங்களில் பத்துக்கு நான்கை அவர்கள் பிழையாக எழுதினார்கள். 95 விழுக்காட்டுத் துல்லியத்திற்குச் சான்றிதழ் பெற்ற தொழில்முறைப் பதிவாளர்கள் அவர்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்குச் சென்று சேர்வது அவர்கள் எழுதிய தாள்தான்.

இதன் உச்சம் 2017இல் லூயிசியானாவில் நிகழ்ந்தது. காவல் விசாரணையில் ஓர் இளைஞர், நான் செய்ததாக நீங்கள் நினைத்தால் எனக்கு வக்கீலைக் கொடுங்கள் என்ற பொருளில் பேசி, தோழமையாக விளிக்கும் வட்டார வழக்குச் சொல் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். அச்சொல்லும் நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பவை. பதிவில் நாய் என்றே எழுதப்பட்டது. மாநில உச்ச நீதிமன்றம் அவர் மனுவை ஏற்க மறுத்தது. நீதிபதி ஒருவர் தனிக் குறிப்பில், அவர் கேட்டது 'வக்கீல் நாய்' என்பதால் கோரிக்கை தெளிவற்றது என்று எழுதினார். நம்மூரில் ஒருவர் 'எனக்கு வக்கீலைக் கூப்பிடு மச்சான்' என்று சொல்ல, கேட்டது வக்கீலையா மைத்துனரையா என்று தெளிவாகவில்லை எனத் தீர்ப்பெழுதுவதற்கு ஒப்பானது இது. சிரித்துவிட்டுப் போகலாம், அந்த இளைஞர் சிறையில் இல்லாதிருந்தால்.

மாத்யூஸின் கட்சிக்காரர்கள் யாரும் இப்படிப் பேசுவதில்லை. நான் பார்த்த பகுதிகளில் அவர்கள் பேசுவது திருத்தமான, ஸ்டூடியோவில் வார்த்த ஆங்கிலம். ஏழைகளைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் ஏழைகளின் மொழியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மொழி சிக்கலாக இல்லாவிட்டால் கேட்பதும் எளிதுதான்.

கேட்பது எதைச் சாதிக்கும் என்பதற்கு நாடகம் தராத ஓர் எடுத்துக்காட்டை உண்மை வரலாறு தருகிறது. கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் வழக்கு சட்ட மாணவர் அனைவருக்கும் தெரிந்தது. மொழியியலாளரும் அதைப் படிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். 1961 ஜூனில் புளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் புகுந்து திருடியதாக அவர்மீது வழக்கு. வழக்குரைஞர் கேட்டார், மறுக்கப்பட்டது. தாமே வாதாடி, ஐந்தாண்டுத் தண்டனை பெற்று, சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவை உச்ச நீதிமன்றத்திற்கு அனுப்பினார். 1963 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக பெட்ஸ் தீர்ப்பைத் தள்ளிவிட்டு, கடுங்குற்ற வழக்குகளில் ஏழைக்கு வழக்குரைஞரை அளிப்பது மாநிலத்தின் கடமை என்றனர்.

பாடப்புத்தகங்கள் இங்கே நின்றுவிடுகின்றன. எனக்கு அதற்குப் பின்னால் நடந்ததே முக்கியம். அவ்வாண்டு ஆகஸ்டில் மறுவிசாரணை, அதே ஊரில். இம்முறை உள்ளூர் வழக்குரைஞர் ஃபிரெட் டர்னர் உடனிருந்தார். விசாரணைக்கு முன்பே அலைந்து திரிந்து சாட்சிகளைச் சந்தித்து வைத்திருந்தார். அன்று காலை கிடியனை ஏற்றிச் சென்ற டாக்சி ஓட்டுநர் சாட்சி சொன்னார்: என்னை ஏற்றியதாக யாரிடமும் சொல்லாதே என்று கிடியன் தம்மிடம் கூறியதாக. தனித்து நின்றால் இந்த ஒரு வாக்கியமே ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போதும். டர்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதற்கு முன்பும் அவர் இப்படிச் சொன்னதுண்டா? ஓட்டுநர், ஆம், அழைக்கும்போதெல்லாம் சொல்வார், மனைவியோடு ஏதோ தொல்லை என்று புரிந்துகொண்டேன் என்றார். ஏறியபோது கிடியன் கையில் திருட்டுப் பொருள் எதுவும் இல்லை என்பதும் அவர் வாயிலிருந்தே வந்தது. நடுவர் குழு ஒரு மணி நேரத்தில் விடுதலை செய்தது.

பொருண்மையியல் வகுப்பில் சூழல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது என்று முதல் வாரத்திலேயே படிக்கிறோம். அந்த வாக்கியத்தின் பொருளை மாற்றியது சட்ட நுணுக்கம் அன்று. அது வழக்கமாகச் சொல்லும் வாக்கியமா என்ற கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க அந்த ஊரும் அந்த மனிதர்களும் தெரிந்திருக்க வேண்டும், அவர்களோடு பேச நேரமும் வேண்டும். 1961இலும் கிடியன் அதே ஆள்தான், அதே உண்மைதான்.

இந்தியச் சூழலைத் தொடாமல் இதை முடிக்க மனம் வரவில்லை, ஏனெனில் நாம் இப்போது அந்தப் பாதையில்தான் கால் வைத்திருக்கிறோம். 1976இல் அரசமைப்பில் 39ஏ பிரிவு சேர்ந்தது. 1987இல் இயற்றிய சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தனித்தொழிலுக்கிடையே பட்டியல் வழக்குரைஞர்கள் ஏழைகளின் வழக்கை நடத்திவந்த முறைக்கு மாற்றாக, முழுநேர எதிர்த்தரப்பு வழக்குரைஞர்களை அமர்த்தும் திட்டத்தைத் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2022இல் கொண்டுவந்தது. பார்ட் மாத்யூஸ் மெல்ல மெல்ல நம் மாவட்ட நீதிமன்றங்களுக்கும் வருகிறார் என்று சொல்லலாம்.

ஒரு விதத்தில் நம் நீதிமன்றம் அமெரிக்க நீதிமன்றத்தைவிட மொழியைப் பற்றிக் கூடுதலான புரிதலைக் காட்டியிருக்கிறது. காவல் விசாரணையில் வழக்குரைஞர் வேண்டும் என்பதை ஐயத்திற்கிடமின்றிக் கேட்டாலொழியக் கேட்டதாகாது என்றது 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டேவிஸ் வழக்கில். அதற்கு எட்டாண்டுகள் முன்பே, அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்த சுக் தாஸ் வழக்கில், கேட்கவில்லை என்பதற்காகச் சட்ட உதவியை மறுக்க முடியாது. தமக்கு அப்படியோர் உரிமை உண்டென்பதே மக்களில் பெரும்பாலோர்க்குத் தெரியாது என்று நம் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒன்று விசாரணை அறையைப் பற்றியது, மற்றொன்று நீதிமன்றக் கூடத்தைப் பற்றியது; சமமாக ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் பேசத் தெரிந்தவருக்கே உரிமை என்பதற்கும், பேசாதவருக்கும் உரிமை என்பதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

தீர்ப்பில் சொன்னது பதிவேட்டுக்குள் வந்து சேர்வதில்தான் சிக்கல். நம் நீதிமன்றத் தமிழையே எடுத்துக்கொள்வோம். குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றே எழுதுகிறோம்: முதல் எதிரி, இரண்டாம் எதிரி. எதிர்த்தரப்பு என்ற பொருளில் புழங்கத் தொடங்கிய கலைச்சொல்தான். ஆனால் தம் கோப்பின் முதல் பக்கத்தில் அச்சொல்லைத் தடவிப் படிக்கும் தாய்க்கு அந்த வரலாறு தெரியாது.

சென்ற ஆண்டு களப்பணிக்காகத் தெலுங்கு வழங்கும் ஒரு மாவட்டத்தின் விசாரணை நீதிமன்றத்தில் சில வாரங்கள் அமர்ந்திருந்தேன். கட்டுமானத் தளத்திலிருந்து தண்ணீர் மோட்டார் ஒன்றைத் திருடியதாக ஒரு கூலித்தொழிலாளிமீது வழக்கு. அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும், அதைக் குறித்து அவர் என்ன சொல்கிறார் என்று நீதிபதி நேரடியாகக் கேட்கும் கட்டம் வந்தது. பழைய சட்டத்தில் 313ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 351. குற்றம் சாட்டப்பட்டவர் தம் சொந்த வாயால், குறுக்கு விசாரணைக்கு உட்படாமல் பேசுவதற்கு என்றே அமைந்த இடம் அது. கேள்விகளை முன்னரே தட்டச்சுச் செய்து வைத்திருந்தார்கள். அன்றிரவு உங்களைத் தளத்தருகே பார்த்ததாகச் சாட்சி சொல்கிறாரே, என்ன சொல்கிறீர்கள்?

அவர் பேசினார். ஆமாம், அங்கேதான் இருந்தேன். மேஸ்திரி என்னை அங்கேயே படுத்துக்கொள்ளச் சொன்னார். மூன்று வாரக் கூலி பாக்கி இருந்தது, அதை வாங்காமல் எப்படிப் போவது. இரவில் வண்டி ஒன்று வந்து போனது. இடையிடையே 'ஐயா', 'தெரியாமல் சொல்கிறேன்' என்றெல்லாம் சேர்த்து, ஓ'பார் பட்டியலிட்ட எல்லாவற்றையும் ஒருசேரப் பேசினார். என் குறிப்பேட்டில் அது ஒன்றரைப் பக்கம் வந்தது. பதிவேட்டில், அந்தக் கேள்விக்கு எதிரே ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்: பொய்.

யாருக்கும் தீய எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. மற்ற கேள்விகளுக்கும் அதே சொல்தான். அது ஒரு வாய்பாடு. ஆனால் அவர் அங்கே இருந்ததை மறுக்கவில்லை. ஒப்புக்கொண்டு, காரணம் சொன்னார். நாளை மேல்முறையீட்டில் படிப்பவருக்கு, நேரில் கண்ட சாட்சியையே பொய் என்று மறுத்த ஒருவராக மட்டுமே அவர் தெரிவார்.

களத்தில் ஆய்வாளர் தலையிடலாமா என்று முறையியல் வகுப்பில் ஒரு பருவம் முழுதும் விவாதித்திருக்கிறோம். அன்று நான் அதிகம் யோசிக்கவில்லை. மதிய இடைவேளையில் அவருடைய சட்ட உதவி வழக்குரைஞரிடம் சென்று, மேஸ்திரியையும் வண்டியையும் பற்றி அவர் சொன்னதைக் கேட்டீர்களா என்றேன். நல்ல மனிதர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். 'மேஸ்திரி படுக்கச் சொன்னாரா? என்னிடம் சொல்லவில்லையே' என்றார். எத்தனை முறை சந்தித்தீர்கள் என்று கேட்டேன். இது இரண்டாவது முறை என்றார். கையிலிருந்த கட்டில் அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, அதன் பின்னட்டையில் மேஸ்திரி, வண்டி, மூன்று வாரம் என்று எழுதிக்கொண்டார். வண்டி எந்தப் பக்கமிருந்து வந்ததாகச் சொன்னார் என்று என்னைக் கேட்டார். குறிப்பேட்டைப் புரட்டினேன். அதற்குள் உள்ளேயிருந்து அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அதுவும் அவருடைய வழக்குதான்.